ஓர் அங்குல வீரனும் வரலாறும்



ஓய்வு நேரத்தை நல்வழியிற் கழிக்கப் பொழுதுபோக்குகள் பல உள்ளன. அஞ்சல்தலை சேர்த்தல், நாணயம் சேர்த்தல் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். வரலாற்று வீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதலும் அத்தகைய ஒன்றாகும். இவ்வுருவங்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. உண்மை உயரத்தில் 72இல் ஒரு பங்காக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் வீரன் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே இருப்பான்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நுனி கூரிய இரண்டு தூரிகைகளும், நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் ஐந்தாறும் போதும். முதலில் உருவத்தைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துதல் வேண்டும். அச்சில் ஒட்டிய எண்ணெய்ப் பசை நீங்காவிடில் வண்ணம் பிடிக்காது. பின்னர் அதனை ஒரு போத்தல் மூடியின்மேல் ஒட்டிக்கொண்டால், கைபடாமல் தீட்டலாம். சாம்பல் நிற அடிப்பூச்சிட்டு நன்கு காயவிடுக. அதன்மேல் முகம், உடை, வார், ஆயுதம் என்னும் வரிசையில், உள்ளிருந்து வெளியே வருவதே முறை. தூரிகை நுனியை வாயில் வைத்தல் ஆகாது.

வண்ணத்தை நீர் கலந்து மெல்லியதாக இருமுறை பூசுக. நாம் முதன்முதலில் தீட்டிய வீரனுக்குப் பொறுமையின்றித் தடித்த வண்ணத்தை அப்பினோம். கண்ணும் மூக்கும் மறைந்து, அவன் முகமற்றவன் ஆனான்! நிறைவாக, நன்கு நீர்த்த கரும்பழுப்பைத் தடவினால், அது மடிப்புகளில் தங்கி நிழல்போல் தோன்றும்.

எனினும், தூரிகையைத் தொடுமுன் நூலைத் தொடவேண்டும். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்திலுள்ள வாட்டர்லூவில் நெப்போலியன் தோல்வியுற்ற போரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் காலாட்படையினர் சிவப்புச் சட்டை அணிந்தனர் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், எல்லாச் சிவப்பும் ஒன்றன்று. அதிகாரியின் சட்டைக்குக் கள்ளிச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து பெற்ற விலையுயர்ந்த சாயம் ஏற்றப்பட்டது, அது பளிச்சிடும். எளிய சிப்பாயின் சட்டைக்கோ மஞ்சிட்டி இனச் செடியின் வேர்ச்சாயமே. அது செங்கல்போல் மங்கியது. ஏழ்மையும் செல்வமும் அந்நிறத்திலேயே தெரிந்தன.

பிரெஞ்சு வீரரின் நீல உடைக்கும் ஒரு கதை உண்டு. நீலத்திற்கு வேண்டிய அவுரிச் சாயம் கடல்வழியே வரவேண்டியிருந்தது. கடலாட்சியோ பிரிட்டிஷார் கையில் இருந்தது. சாயம் அரிதாகவே, 1806இல் சில படைப்பிரிவுகளுக்கு வெள்ளுடை வழங்க நெப்போலியன் முனைந்தார். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

போருக்கு முதல் நாள் பெருமழை பெய்தது. ஆகவே, வாட்டர்லூ வீரனின் காலணியும் காற்சட்டை விளிம்பும் சேறு படிந்திருத்தலே பொருத்தம். புத்தாடை உடுத்தியவன்போல் அவனைத் தீட்டுவது அழகாயினும் உண்மையன்று.

அவ்வொரு நாளில் 40,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அவர்களும் தாய் தந்தையர் பெற்ற மக்களே. எனவே, நாம் தீட்டுவது போரின் பெருமையை அன்று. மழையில் நனைந்து நின்ற ஒரு மனிதனை. அவன் முகத்தைப் பொறுமையுடன் தீட்டும் மாணவன், வரலாற்றுப் பாடத்தை வெறும் ஆண்டுகளின் பட்டியலாக இனிக் கருதமாட்டான். விடுமுறையில் ஒரேயொரு வீரனுடன் தொடங்குங்கள். அவனைப் பற்றிப் படித்தபின் தீட்டுங்கள்.