மரத்தளத்துக்கு எண்ணெய் ஊட்டும் பருவம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனியிலும், மொட்டைமாடியின் ஒரு மூலையிலும், மலைவாழிடங்களில் உள்ள வீடுகளின் முன்புறத்திலும் மரப்பலகைகளைக் கொண்டு தளம் அமைப்பது அண்மை ஆண்டுகளில் பரவலாகியிருக்கிறது. விற்பனையாளர்கள் இதனை ‘டெக்’ என்று அழைக்கின்றனர். மாலை வேளையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து தேநீர் அருந்துவதற்கு ஏற்ற இடம்தான். ஆயினும், வீட்டிலுள்ள மரப்பொருள்கள் அனைத்திலும் மிகக் கடுமையான வாழ்க்கை இதற்கே வாய்த்திருக்கிறது. வாசற்கதவு நிமிர்ந்து நிற்பதால் அதன்மேல் விழும் மழைநீர் வழிந்து ஓடிவிடுகிறது. தலைக்கு மேலே சன்ஷேடும் இருக்கிறது. மரத்தளமோ வானத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறது. உச்சிவெயில் நேராக விழுகிறது, மழைநீர் தேங்குகிறது, நம் கால்களும் அதன்மேல் ஓயாமல் தேய்த்து நடக்கின்றன.

எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் புனேயில் மேல்தள வீடு ஒன்றை வாங்கி, மொட்டைமாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தேக்குத் தளம் அமைத்தார். அமைத்துக் கொடுத்தவர் பளபளக்கும் வார்னிஷை மூன்று பூச்சுப் பூசிவிட்டுச் சென்றார். முதல் மழைக்காலம் வரை தளம் கண்ணாடிபோல் மின்னியது. இரண்டாம் மழைக்காலம் முடிந்தபோது வார்னிஷ் வெங்காயச் சருகைப்போல் உரியத் தொடங்கியிருந்தது. உரிந்த இடங்களுக்கு அடியில் மரம் கறுத்திருந்தது. பழைய வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுக்கக் கொடுத்த கூலி, முதலில் பூசுவதற்குக் கொடுத்ததைவிட அதிகம். தேக்கில் பிழையில்லை. மரத்தின் மேலே படியும் பூச்சுக்கும் மரத்தின் உள்ளே இறங்கும் பூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் குறை.

மேலே படிவதும் உள்ளே இறங்குவதும்

பெயின்ட்டும் வார்னிஷும் மரத்தின்மேல் ஒரு படலமாக அமர்பவை. மரம் ஈரத்தை வாங்கினால் அகலத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நம் நாட்டில் மே மாத வெயிலுக்கும் ஜூலை மாத ஈரத்துக்கும் இடையே இந்த அசைவு சிறியதன்று. படலம் அவ்வளவு வளைந்து கொடுக்காது. எங்கேனும் மயிரிழை அளவு வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே நுழையும் நீர், படலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டு வெளியேற வழியின்றித் தங்கும். மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. காப்பதற்காகப் பூசியதே கேட்டை மூடி மறைக்கிறது.

எண்ணெய் அடிப்படையிலான ஸ்டெயின் இவ்வாறு படலம் கட்டுவதில்லை. உலரும் தன்மையுள்ள எண்ணெய், சிறிது பிசின், நிறமித் துகள்கள், பூசணத்தைத் தடுக்கும் மருந்து, இவற்றை இளக்கும் கரைப்பான் ஆகியவை சேர்ந்த கலவை அது. மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே காற்றுடன் வினைபுரிந்து இறுகுகிறது. நீர் எளிதில் ஊறாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறத் தடையும் இராது. இது நிலையான பூச்சன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். ஆனால் மங்குமேயன்றி உரியாது. தூசியைக் கழுவிவிட்டு அதன்மேலேயே மீண்டும் பூசலாம். சுரண்டும் கூலி மிச்சமாகிறது என்பதே இதன் பெரிய வசதி.

அடுக்களை எண்ணெய் எதையேனும் தடவினால் ஆகாதா என்று கேட்போர் உண்டு. ஆகாது. தேங்காயெண்ணெய் என்றைக்கும் இறுகாது. நல்லெண்ணெயும் முழுமையாக இறுகுவதில்லை. இரண்டும் பிசுபிசுப்பாகவே நின்று தூசியையும் பூசணத்தையும் வரவழைக்கும். ஆளிவிதை எண்ணெய் இறுகும் இனத்தைச் சேர்ந்தது. பெயின்ட் கடைகளில் ‘டபுள் பாயில்ட்’ என்ற பெயரில் கிடைப்பதும் அதுவே. ஆயினும் அதனைத் தனியாக வெளிப்புற மரத்தில் பூசினால் நாளடைவில் கறுக்கும். ஈரமான ஊர்களில் பூசணமும் பிடிக்கும். மேற்குக் கரையோரத்தில் படகுகளுக்கும் மரத்தூண்களுக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பூசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மரத்துக்கு அது நல்ல காவல்தான். ஆனால் தோலில் பட்டால் கொப்புளிக்கச் செய்யும் என்பதால், குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும் தளத்துக்கு நாங்கள் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம். பட்டறைகளில் கிடைக்கும் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவது அதனினும் தவறு. அது உடலுக்கும் மண்ணுக்கும் தீங்கு, இறுகவும் செய்யாது.

எந்த நிறம், எந்த டின்

நிறமே வேண்டாம், மரம் மரமாகவே தெரிய வேண்டும் என்று கேட்பது இயல்பு. கடைக்காரரும் நிறமற்ற டின்னை எடுத்து நீட்டுவார். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை வெயிலின் புற ஊதாக்கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிச் செல்ல, எஞ்சி நிற்பதே நாம் காணும் சாம்பல் நிறம். கதிரைத் தடுத்து நிறுத்துவது எண்ணெயன்று, அதில் கலந்துள்ள நிறமியே. பெரும்பாலும் அது இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லுக்கும் செம்மண்ணுக்கும் நிறம் தருவதும் அதுதான். எனவே மரத்தின் ரேகைகள் தெரியும் அளவுக்கு இளநிறம் சேர்ந்த, பாதி ஒளிபுகும் ஸ்டெயினே தளத்துக்கு ஏற்றது. ரேகையே தெரியாமல் மூடும் அடர்நிற வகை, பெயின்ட்டைப்போல் படலம் கட்டுவதால், நடக்கும் இடங்களில் தேய்ந்து திட்டுத்திட்டாகிவிடும்.

டின்னில் ‘வெளிப்புறப் பயன்பாட்டுக்கு’ என்றும் ‘தளத்துக்கு’ என்றும் இரண்டும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அறைகலன்களுக்கு உரிய ஸ்டெயின் வெறும் நிறமூட்டி மட்டுமே. அதன்மேல் வார்னிஷ் பூசப்படும் என்னும் கணக்கில் தயாரிக்கப்பட்டது. பெயர் ஒன்றாயிருப்பதால் கடையிலேயே மாறிப்போவதுண்டு. நீரில் கரையும் ஸ்டெயின்களும் தரத்தில் உயர்ந்திருக்கின்றன, வாடையும் குறைவு. ஆனால் நம் வெயிலில் அவை மிக விரைவாக உலர்வதால், பழகாத கையில் கோடு கோடாக விழுந்துவிடும்.

ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும் என்பதை டின்னில் பெரும்பாலும் சதுர மீட்டரில் அச்சிட்டிருப்பர். ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10.76 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு தளம் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். பழைய, சொரசொரப்பான மரம் கூடுதலாகக் குடிக்கும். வைரம் பாய்ந்த தேக்கு மிகக் குறைவாகவே குடிக்கும். கைப்பிடிக் கிராதி இருந்தால் அதற்குத் தனிக்கணக்கு. டின்கள் ஒன்றுக்கு மேற்பட்டால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்வது நன்று. ஒரே எண்ணுள்ள நிறமானாலும் டின்னுக்கு டின் சற்று மாறுபடலாம்.

பூசுவதற்கு முன்

பருவத்தைத் தவறவிட்டால் எவ்வளவு உயர்ந்த சரக்கும் வீண். நீர் நிறைந்த நுண்துளைக்குள் எண்ணெய் இறங்காது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் நல்ல வெயில் காய்ந்த பின்னர், அதாவது மகாராட்டிரத்திலும் மத்திய இந்தியாவிலும் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழ்நாட்டிலும் ஆந்திரக் கடற்கரையிலும் தை, மாசி மாதங்களில் தொடங்கலாம். தில்லி போன்ற ஊர்களில் பனிமூட்டம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் இறுக மறுக்கும்.

முதல் வேலை, கையில் ஒரு கூரான திருப்புளியுடன் தளத்தைச் சுற்றி வருவது. தாங்கு கட்டைகளின் முனைகளிலும், கிராதிக் கால்கள் தளத்தைச் சேரும் இடங்களிலும், திருகாணிகளைச் சுற்றியும் அழுத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அங்கே மரம் உக்கிவிட்டது என்று பொருள். உக்கிய மரத்தை எந்த எண்ணெயும் மீட்காது. அக்கட்டையை மாற்றியே ஆகவேண்டும். கிராதிக்கால் உக்கியிருந்தால் மாற்றி முடிக்கும்வரை அப்பக்கம் எவரையும் சாய விடாதீர்கள். ஆறாவது மாடியில் இது அழகு பற்றிய விஷயமன்று. இவ்வகைத் தேய்மானத்தையும் உக்கலையும் வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக ஈடுசெய்வதில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம். கரையான் இருந்தால் அதற்குரிய மருந்தைத் தனியே அடிக்க வேண்டும். ஸ்டெயின் அந்த வேலையைச் செய்யாது.

பின்னர்க் கழுவுதல். சோப்புத்தூள் கரைத்த நீரும் தென்னந்துடைப்பமும் போதும். உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் கருவி மென்மையான நாரைப் பிய்த்து எழுப்பிவிடும். இரும்பு ஆணியைச் சுற்றியுள்ள கறுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்கு கேட்கும். அது நச்சுப்பொருள்; கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்தி, நிறைய நீர் விட்டு அலசிவிட வேண்டும். பழைய வார்னிஷ் இருந்தால் அதனை முற்றிலும் நீக்கியே தீர வேண்டும்.

கழுவியபின் இரண்டு மூன்று நாள் காய விட்டு, 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். மேசையை இழைப்பதுபோல் வழவழப்பாக்கினால் துளைகள் அடைபட்டு எண்ணெய் இறங்காது. நனைந்த தளம் வழுக்கவும் செய்யும். தூசியைத் துடைத்தபின் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் மரம் அதனை உறிஞ்சிக்கொண்டால் எண்ணெய்க்கு இடமிருக்கிறது. துளி முத்தாக நின்றால் இன்னும் பழைய பூச்சு உள்ளே இருக்கிறது, அல்லது மரமே எண்ணெய்ப் பசை மிகுந்த புதுத்தேக்கு. புதுத்தேக்காயின் சில வாரங்கள் வெயிலில் கிடக்கவிட்டு, மீண்டும் தேய்த்துப் பூசலாம்.

பூசும் நாள்

காலையில் தளம் நிழலில் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சுடும் பலகையில் எண்ணெய் இறங்குமுன் மேலேயே இறுகிவிடும். டின்னை அடிவரை கலக்குங்கள். நிறமி அடியில்தான் தங்கியிருக்கும். இரண்டு மூன்று பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பிரஷ்ஷை இழுத்துச் செல்ல வேண்டும். பலகையின் நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். வெட்டிய முனைகளை மறக்கலாகாது. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டுசென்ற குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன; மழைநீரும் அவ்வழியே மிகுதியாகப் புகும். அங்கே இருமுறை தடவுவது நல்லது.

பதினைந்து இருபது நிமிடம் கழித்து, மரம் குடித்தது போக மேலே மினுங்கும் எண்ணெயைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்துப் போடுவதா என்று மனம் வராமல், கெட்டியாகப் பூசினால் கூடுதல் காவல் என எண்ணி விட்டுவிடுவோர் பலர். வாரக்கணக்கில் காலில் ஒட்டும் தளமே அதன் பயன். இரண்டாம் பூச்சு வேண்டுமா என்பதை டின்னில் உள்ள குறிப்பு சொல்லும். பூசி முடித்து ஒரு நாள் நடக்காமலும், மூன்று நாளேனும் நாற்காலி, பூந்தொட்டி முதலியவற்றை வைக்காமலும் இருப்பது நலம்.

துடைத்த துணியில் இருக்கும் தீ

இனி, இக்கட்டுரையில் நீங்கள் ஒரு பகுதியை மட்டுமே படிப்பதாயின் இதனைப் படியுங்கள். எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து இறுகுகையில் வெப்பத்தை வெளியிடுகிறது. பலகையில் பரவியிருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் கரைந்துவிடும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லை. சூடு கூடக் கூட வினையும் விரைவுபடும். தீக்குச்சி எதுவுமின்றி, வேலையாட்கள் வீடு திரும்பிய சில மணி நேரம் கழித்து, அந்தத் துணி தானாகவே தீப்பற்றும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடி கொண்ட ‘வன் மெரிடியன் பிளாசா’ கட்டடத்தில் மூண்ட தீ இப்படித் தொடங்கியதுதான். மரச்சுவர்ப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை 22ஆம் மாடியில் விட்டுச் சென்றிருந்தனர். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக எரிந்த அத்தீயில் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இருந்த 30ஆம் மாடியில்தான் தீ அடங்கியது.

செய்ய வேண்டியது மிக எளிது. துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, திறந்த வெளியில், சிமென்ட் தரையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயப் போடுங்கள். காற்றில் பறக்காதிருக்க ஓரத்தில் கல் வையுங்கள். மடமடவென்று விறைத்த பின்னர் குப்பையில் சேர்க்கலாம். இடமில்லையெனில், மூடியுள்ள பழைய தகர டின்னில் நீர் நிரப்பி அதற்குள் அமிழ்த்தி வையுங்கள். பெயின்டர் செய்வார் என்று விட்டுவிடாமல், அவர் கிளம்புமுன் துணிகள் எங்கே கிடக்கின்றன என்று நீங்களே பாருங்கள்.

அடுத்த ஆண்டும் மழை ஓய்ந்ததும் தளத்தின் மூன்று நான்கு இடங்களில், குறிப்பாக வெயில் அதிகம் படும் இடத்திலும் கதவருகே அதிகம் நடக்கும் இடத்திலும், ஒரு குவளை நீரைக் கொட்டிப் பாருங்கள். முத்தாகத் திரண்டால் இன்னோர் ஆண்டு பொறுக்கலாம். பரவி ஊறிக் கறுத்தால், கழுவிக் காயவைத்து ஒரே ஒரு பூச்சுப் போதும். புனே நண்பரின் தளத்தில் கதவையொட்டிய நான்கு பலகைகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் பூச வேண்டியிருக்கிறது. மற்றவை இரண்டு ஆண்டு தாங்குகின்றன. அதற்கென மிச்சம் வைத்த கால் டின்னின் மூடியில் நிறத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.