பாகவதர் வாழ்வும் ரசிகர் தராசும்

பாடகர் ஒருவர் மறைந்தபின் அவருடைய குரல் இசைத்தட்டிலே தங்கிவிடுகின்றது. அவருடைய வாழ்வோ பிறர் நாவிலே தங்கிவிடுகின்றது. இசைத்தட்டு தேய்ந்தாலும் கீறல் விழுந்தாலும் பாட்டை மாற்றிப் பாடுவதில்லை. நாவு அத்தகையதன்று. அது அன்பு மிகுந்த இடத்திலே கூட்டும். துயர் மிகுந்த இடத்திலே பெருக்கும். விளங்காத இடத்திலே தானே ஒன்றைப் படைத்துக்கொள்ளும். ஆகவேதான் மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்ட பாடகர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் பகைவரைக் காட்டிலும் அவர் ரசிகருக்கே அதிகம் அஞ்ச வேண்டியிருக்கின்றது.

இவ்வெண்ணம் எழுந்த இடம் அனலைதீவு. ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறிச் சென்றால், பனங்கூடல்களும் புகையிலைத் தோட்டங்களுமாக எதிர்ப்படும் சிறு தீவு அது. அங்கே வாசிகசாலை விறாந்தையிலே ஒரு மாலைப்பொழுதில் மூவர் அமர்ந்திருந்தனர். எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர்; ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்; பல்கலைக்கழக மாணவர் ஒருவர். பேச்சு எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றியது. முதியவரின் தந்தையார் தென்னிலங்கையிலே கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பியபொழுது கிராமபோன் பெட்டி ஒன்றும் பாகவதர் இசைத்தட்டுக்கள் சிலவும் கொண்டுவந்தவர். பெட்டியும் தட்டுக்களும் போர்க்காலத்து இடப்பெயர்விலே போய்விட்டன. பாட்டு மட்டும் முதியவரை விட்டுப் போகவில்லை.

"கடைசிக் காலத்திலை கண்ணும் தெரியாமல், கையிலை காசும் இல்லாமல் அந்த மனுசன் பட்ட பாட்டை நினைச்சால் நெஞ்சு பதறுது, தம்பி" என்றார் அவர்.

"அப்பு, இதை எந்தப் புத்தகத்திலை பார்த்தனீங்கள்?" என்று கேட்டார் மாணவர்.

"புத்தகம் என்னத்துக்கு? ஊரெல்லாம் தெரிஞ்ச கதையல்லோ!"

ஊரெல்லாம் தெரிந்த கதைக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதை அளக்கப் பாகவதர் வாழ்வைப்போல் ஏற்ற அளவுகோல் பிறிதொன்று அரிது.

மாயவரத்திலே 1910இல் பொற்கொல்லர் குடும்பத்திற் பிறந்து, திருச்சிராப்பள்ளியிலே வளர்ந்தவர் பாகவதர். 1934இல் 'பவளக்கொடி'யின் மூலம் திரைக்கு வந்தார். 1937இல் வந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டு நவம்பரிலே லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் சென்னையிலே கத்தியாற் குத்தப்பட்டு மாண்டார். அக்கொலை தொடர்பாகப் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர், 1945 மே மாதத்திலே ஆயுள் தண்டனை பெற்றனர். உயர்நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று, மறுபடியும் சென்னைக்கே விசாரணைக்குத் திரும்பியது. எத்திராஜ் வாதாட, 1947 ஏப்பிரிலிலே இருவரும் விடுதலையாயினர். பாகவதர் சிறையிலிருந்த காலத்திலேயே 'ஹரிதாஸ்' அரங்கிலே ஓடிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். வெள்ளித்திரையிலே பாடியவரின் உடல் இரும்புக்கம்பிக்குப் பின்னே. அவருடைய குரலுக்கோ நுழைவுச்சீட்டு வாங்க வரிசை. 1959 நவம்பர் முதலாம் நாள், ஐம்பது வயது நிரம்புமுன் அவர் காலமானார்.

இத்தகைய வாழ்வு, எழுதுவோரை எளிதில் மயக்கிவிடும். ஏற்றம், வீழ்ச்சி, கண்ணீர் என்னும் மூன்று படிகளும் புராணகாரர் செதுக்கி வைத்தாற்போல அமைந்திருக்கின்றன. எழுத்தாளர் விந்தன் எழுதிய நூலுக்கு 'எம். கே. டி. பாகவதர் கதை' என்றே பெயர். பிற்காலத்திலே சுரேஷ் பாலகிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதிய நூல், பாகவதரின் வாழ்வையும் காலத்தையும் சொல்வதாகத் தன் தலைப்பிலேயே கூறிக்கொள்கின்றது. ராண்டார் கை பத்திரிகைகளிலே எழுதிய கட்டுரைகள், கொலைவழக்கின் நெளிவு சுளிவுகளை ஆங்கிலம் அறிந்தோர்க்கு எடுத்துரைத்தன. ஒருவரே நாயகர், ஆயின் ஒரு பேனா கதையை நாடுகின்றது, மற்றொன்று காலத்தை நாடுகின்றது, இன்னொன்று வழக்கை நாடுகின்றது. இவற்றுள் எதை ரசிகர் தம் அலுமாரியிலே வைப்பது? நூலுக்கு நூல் மதிப்பெண் இட்டுச் சொல்வது இங்கு நோக்கமன்று. எந்த நூல் கையிற் கிடைத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. அவற்றையே வாசிகசாலை விறாந்தையில் அன்று அவர்கள் கண்டடைந்தார்கள் எனலாம்.

முதலாவது, காலக்கணக்கு. பாகவதர் விடுதலையானது 1947, மறைந்தது 1959. இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள். ஊர்க்கதையிலே இப்பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு பெருமூச்சாகச் சுருங்கிவிடுகின்றன. சிறையால் வெளிவந்தார், ஒளி மங்கினார், மாண்டார் என்று முடித்துவிடுகிறோம். உண்மையோ வேறு. அவர் நடித்த படங்கள் மொத்தம் பதினான்கு. சிறைக்கு முன்னே ஒன்பது, பின்னே ஐந்து. 'ராஜமுக்தி' 1948இலும், 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் 1952இலும் வந்தன. 1957இல் வந்த 'புது வாழ்வு' அவரே இயக்கியது. 'சிவகாமி' அவர் மறைந்தபின் 1960இல் வெளியாயிற்று. முன்னைய வெற்றி அவருக்குக் கிட்டவில்லை என்பது மெய். நீரிழிவு நோய் வாட்டியதும் மெய். ஆயினும் வெற்றி கிட்டாமை ஒன்று, வாளாவிருத்தல் வேறொன்று. சுவை மாறிவிட்ட காலத்திலே, வசனம் பாட்டை வென்றுவிட்ட திரையிலே, தமக்குத் தெரிந்த கலையை விடாது பற்றி மீண்டும் மீண்டும் முயன்றவரைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டும் நூல், அவருக்கு அநியாயம் செய்கின்றது. அன்பினாற் செய்யும் அநியாயம் ஆதலின் அது எளிதிற் புலப்படுவதில்லை.

இரண்டாவது, குரலின் கணக்கு. "தெய்வம் கொடுத்த குரல்" என்று கூறிக் கைகூப்பிவிடுவது எளிது. பாகவதர் சிறுவராய் இருந்தபொழுது, திருச்சியிலே இரயில்வே அதிகாரியாயிருந்த எஃப். ஜி. நடேச ஐயர் அவரை 'அரிச்சந்திரா' நாடகத்திலே லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரை பொன்னு ஐயங்கார் ஆண்டுக்கணக்கிலே கர்நாடக இசை பயிற்றினார். ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகமேடையிலே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மேற்சுருதியில் நின்று பாடவேண்டும், எழுத்தும் விளங்கவேண்டும், இராகமும் குலையலாகாது. இப்பயிற்சியே பின்னர்த் திரையிலும் இசைத்தட்டிலும் அவருக்குக் கைகொடுத்தது. பாபநாசம் சிவன் சொல்லும் மெட்டும் அமைத்துக் கொடுத்தார், ஜி. ராமநாதன் வாத்தியத் துணை வகுத்தார். 'ஹரிதாஸ்' படத்திலே சாருகேசி இராகத்தில் அமைந்த பாட்டொன்று, அந்த இராகத்தின் பெயரறியாத பல்லாயிரவர் நாவிலே அதனை ஏற்றிவைத்தது. இத்தனை பேரின் உழைப்பு ஒரு தொண்டையிலே வந்து கூடியிருக்கின்றது. பாகவதர் அணிந்த வைரக்கடுக்கனையும் சரிகை அங்கவஸ்திரத்தையும் பக்கம் பக்கமாக வருணித்து, பொன்னு ஐயங்காருக்கு ஒரு வரி ஒதுக்கும் நூல் பாடகரின் வரலாறாகுமா? நகைக்கடைக்காரரின் கணக்கேடாகும்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. கொல்லப்பட்டவனுக்கு நூலிலே இடம் எங்கே? லட்சுமிகாந்தன் நல்லவர் என்று எவரும் வாதாடப் போவதில்லை. 'சினிமா தூது', பின்னர் 'இந்துநேசன்' என்னும் ஏடுகளிலே நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அவதூறாக எழுதியவர் அவர். பாகவதரும் கலைவாணரும் பிறரும் கவர்னரிடம் முறையிட்டு முதல் ஏட்டின் உரிமத்தை நீக்குவித்ததும் வரலாறு. எனினும் அவரும் ஒரு மனிதர். பட்டப்பகலில் நகரத் தெருவிலே குத்துண்டு, மறுநாள் வைத்தியசாலையிலே உயிர் விட்டவர். ரசிகர் எழுதும் வரலாறுகளிலே அவர் பாகவதருக்கு நேர்ந்த ஓர் இடையூறாக மட்டும் குறுகிவிடுகிறார். புராணத்திலே அசுரன் மாள்வதுபோல மாள்கிறார். அதன்பின் அவரைப் பற்றிய கவலை ஒருவருக்கும் இல்லை. நீதிமன்றம் பாகவதரை விடுவித்தது. அவ்விடுதலையை மதிக்கும் நூல், அந்த மரணத்தையும் மதித்தல் வேண்டும். நாயகரின் குற்றமின்மையை நிலைநாட்டுவதற்கு இறந்தவரை இரண்டாம் முறை கொல்ல வேண்டியதில்லை.

"அப்படியெண்டால் பாகவதரிலை பிழை இருக்கெண்டு சொல்லுறியளோ?" என்று சற்றுச் சினத்தோடு கேட்டார் முதியவர்.

அதற்குத் தமிழாசிரியர் கூறிய விடை இலக்கிய அன்பர் அனைவரும் கருதத்தக்கது. பாகவதர் சிறைமீண்டு நடித்த முதற்படம் 'ராஜமுக்தி'. அதற்கு உரையாடல் எழுதப் புனாவுக்குச் சென்றவர் புதுமைப்பித்தன். அங்கே காசநோய் முற்றி, 1948 யூன் இறுதியிலே திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார். பாடகரின் மறுவாழ்வுக்கெனத் தொடங்கிய படமே சிறுகதை மன்னரின் கடைசிப் பணிகளுள் ஒன்றாயிற்று. இருவர் வாழ்வும் அங்கே ஒரு கணம் தொட்டு விலகின. ஆனால் புதுமைப்பித்தனுக்கு ஒரு தொ. மு. சி. ரகுநாதன் வாய்த்தார். 1951இல் வெளிவந்த அவருடைய 'புதுமைப்பித்தன் வரலாறு' நண்பர் எழுதியதே. ஆயினும் துதி நூலன்று. ஏன்? நண்பரை உயர்த்த வேண்டும் என்ற அவாவிலும், நண்பரைத் தெரியவைக்க வேண்டும் என்ற அவா அதிலே மேலோங்கி நிற்கின்றது.

"ஐயா, எங்கடை நாவலருக்கும் இரண்டு மூன்று சரித்திரம் இருக்குத்தானே" என்றார் ஆசிரியர். ஆம், 1879இல் நாவலர் பெருமான் மறைந்து மூன்றாண்டுகளிலேயே கனகரத்தின உபாத்தியாயர் அவர் சரித்திரத்தை எழுதினார். பின்னர் நாவலரின் தமையனார் புதல்வர் கைலாசபிள்ளை எழுதினார். அதற்குப் பின்னும் எழுதினோர் பலர். ஒருவர் எழுதிவிட்டார் என்று மற்றவர் பேனாவை மூடி வைக்கவில்லை. ஒன்றோடொன்றை ஒப்பு நோக்கியே நாம் நாவலரை அறிகின்றோம். ஒரே நூலிலே ஒரு மனிதர் முழுதும் அடங்கிவிடுவார் என்று நம்புவது பக்தரின் இயல்பு; நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது மாணாக்கரின் இயல்பு. நல்ல ரசிகர் இருவராகவும் இருத்தல் வேண்டும்.

நம் மண்ணுக்கு இது வெறும் இலக்கியச் சர்ச்சையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலே தீவகத்தின் எத்தனையோ வீடுகளில் கடிதங்களும் நிழற்படங்களும் இசைத்தட்டுக்களும் அழிந்தன. நம் அண்ணாவிமாரும் நாதஸ்வர வித்துவான்களும் நாட்டுக்கூத்துக் கலைஞரும் பலர் ஒரு தாளும் மிஞ்சாமல் மறைந்து போயினர். அவர்களைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பது ஊரெல்லாம் தெரிந்த கதை ஒன்றே. அக்கதையை இகழ்வது தகாது; அதுவும் இல்லையேல் ஒன்றுமே இல்லை. ஆனால் கதையைக் கதையென்று குறித்துக்கொண்டு, சொன்னவர் யார், எப்பொழுது கேட்டார், தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று ஒரு கொப்பியிலே எழுதி வைப்போமாயின், நாளை ஒரு வரலாற்றாசிரியருக்கு அது விதைநெல்லாகும். அச்சும் ஏடும் பெருகிய தமிழகத்திலே வாழ்ந்த பாகவதருக்கே இத்தனை கதைகள் கிளைத்தன என்றால், ஏடில்லாத நம் கலைஞரின் கதி என்ன?

இருட்டுமுன் மாணவர் தம் கைத்தொலைபேசியிலே பாகவதரின் பழைய பாட்டொன்றை ஒலிக்கச் செய்தார். கடற்காற்றிலே அக்குரல் எழுந்து நின்றது. பாட்டு முடியும்வரை மூவரும் பேசவில்லை. முடிந்தபின் முதியவர் கேட்டார்: "தம்பி, பொன்னு ஐயங்கார் எண்டு ஒரு ஆளைச் சொன்னியள் எல்லே? அவரைப் பற்றி ஏதும் புத்தகம் இருக்கோ?"

நெஞ்சு பதறுகிறது என்று தொடங்கியவர், ஆசானைத் தேடுகிறார். பாகவதரை எடைபோட முயன்ற ஒரு மாலைப்பொழுது, அந்த ரசிகரின் அன்பைக் குறைத்துவிடவில்லை. அதற்கு இன்னும் ஓர் இடம் தேடிக் கொடுத்தது. வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றினிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது இதுவே. படித்து மூடியபின் பாட்டை மறுபடி கேட்கத் தூண்டவேண்டும். கேட்கும்பொழுது முன்பு செவியில் விழாத ஒன்று விழவேண்டும். அப்படிச் செய்யும் நூல் எவர் எழுதியதாயினும், அதற்கு நம் வாசிகசாலைகளிலே இடமுண்டு.