அப்ரண்டிஸ் இடத்திலும் நமக்குப் பங்கு உண்டு

காலை ஏழு மணிக்கு வாலாஜாபேட்டை பேருந்து நிலையத்தில் நின்றால் நம் ஊர்ப் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பார்க்கலாம். ஒன்று கல்லூரிக்குப் போகிற கூட்டம். இன்னொன்று கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற கூட்டம். இரண்டிலும் ஒரே வயதுப் பிள்ளைகள்தான். பல நேரம் ஒரே தெரு, சில நேரம் ஒரே வீடு. மூன்று வருடம் முதல் கூட்டத்தில் நின்றவர், நான்காவது வருடம் இரண்டாவது கூட்டத்துக்கு வந்துவிடுகிறார். நடுவில் ஒரு பட்டம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

போன மாதம் வாலாஜாவை அடுத்த ஒரு காலனியில், அம்பேத்கர் மன்றத்துத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் கேட்டார்: "எம்பொண்ணு படிச்சது பி.காம். கம்பெனியில பண்றது பிசிறு வெட்டுற வேலை. அதுக்கு எட்டாங் கிளாஸே போதுமேண்ணே. மூணு வருசம் எதுக்குப் படிக்க வெச்சேன்?" மகள் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஷூ கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். அவர் ஒன்றும் பேசவில்லை.

இப்படிக் கேட்பவர்களுக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "குரூப் 4 எழுதச் சொல்லுங்க." நானும் பல வருடம் அதைத்தான் சொல்லி வந்தேன். தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். எழுதி வென்று தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சில ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதுகிற தேர்வு அது. காத்திருக்கும் காலத்தில் வயிற்றுக்கு என்ன செய்வது? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பேருந்துக்கும் போன் ரீசார்ஜுக்கும் போனால் மிச்சம் இருக்காது.

அந்தத் தாய்க்குச் சொல்ல இன்னொரு பதிலும் உண்டு. அதை நம் மன்றங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நானே அதைச் சட்டப் புத்தகத்தில் படித்தது சில வருடங்களுக்கு முன்புதான்.

எழுதி வைத்த பங்கு

தனியார் கம்பெனி வேலையில் இடஒதுக்கீடு இல்லை என்பது தெரிந்த விஷயம். அதைக் கேட்டு எத்தனையோ ஊர்வலம் போயிருக்கிறோம். ஆனால் வேலைக்கு முந்தைய படியில் ஒதுக்கீடு இருக்கிறது. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தில், அதாவது அப்ரண்டிஸ் சட்டத்தில், 1973இல் 3ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அரசு அறிவித்துள்ள ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எத்தனை இடம் என்பது அந்தந்த மாநிலத்தில் இருக்கும் நம் மக்கள்தொகையைப் பொறுத்தது. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

எல்லாக் கம்பெனியும் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் கட்டாயம் எடுக்க வேண்டும். மொத்த ஆட்களில் குறைந்தது 2.5 சதவீதம், அதிகபட்சம் 15 சதவீதம். இந்த மொத்தக் கணக்கில் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. இது நம் பகுதிக்கு முக்கியம். இங்கே தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் பாதிப்பேர் மேஸ்திரி பெயரில்தான் இருப்பார்கள். 400 பேர் வேலை செய்யும் கம்பெனி என்றால் குறைந்தது பத்து அப்ரண்டிஸ் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் நம் பிள்ளைகளுக்குச் சட்டப்படி இடம் இருக்க வேண்டும்.

ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். முன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் வழி திறந்தார்கள். 2019 விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையையும் வகுத்தன: பத்தாம் வகுப்புக்கு மாதம் 6,000, பிளஸ் டூவுக்கும் ஐடிஐக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இதில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆகவே "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று கம்பெனி சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஒதுக்கிய இடத்துக்கு நம் ஆட்கள் யாரும் வரவில்லை என்றால், அதை மற்றவர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்றும் விதி சொல்கிறது. விண்ணப்பமே போடாத சமூகத்தின் பங்கு சத்தமில்லாமல் கைமாறிப் போகும். யாரும் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தாத்தாவின் குழியும் பேத்தியின் மேசையும்

பி.காம். படித்த பெண் பிசிறு வெட்டுவதில் என்ன குறை, எல்லா வேலையும் வேலைதானே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். வேலையில் குறை சொல்லவில்லை. கம்பெனிக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்து சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் நம் தாத்தாக்கள். முடி எடுத்தார்கள், சதை சீவினார்கள், ஈரத்தோலைச் சுமந்தார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு முழுதாக முடித்த தோலும், ஷூவின் மேல்பாகமும், பிறகு முழு ஷூவும் செய்கிற கம்பெனிகள் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை பெருகின. நம் பெண்கள் தையல் மெஷினுக்கு வந்தார்கள். குழியிலிருந்து மெஷினுக்கு வர இரண்டு தலைமுறை ஆனது. மெஷினிலிருந்து ஷிப்பிங் மேசைக்கும், சாம்பிள் அறைக்கும், தரப் பரிசோதனைக்கும் போக இன்னும் எத்தனை தலைமுறை?

தோலை விரலால் தடவிப் பார்த்தே எங்கே தழும்பு, எங்கே கத்தி போடலாம் என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வருகிற இளைஞர் முதல் மாதம் இந்தப் பெரியவரிடம்தான் பாடம் கேட்பார். அடுத்த மாதம் அவருக்கே மேலாளர் ஆகிவிடுவார். பெரியவருக்குத் தொழில் தெரியும், கையில் காகிதம் இல்லை. அவருடைய பேத்திக்குக் கையில் காகிதம் இருக்கிறது, தொழிலைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அப்ரண்டிஸ் பயிற்சி இந்த இரண்டையும் சேர்க்கிற ஏற்பாடு. முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அடுத்த கம்பெனியில் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டால் எடுத்து நீட்ட ஒன்று இருக்கும்.

ஏமாறக்கூடிய இடங்கள்

இது வேலை உத்தரவாதம் இல்லை. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் 22ஆம் பிரிவு சொல்கிறது. சேரும்போதே அந்தக் கொள்கை என்ன என்று கேட்டுவிடுங்கள்.

"டிரெய்னி" என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். எந்தக் காகிதமும் இல்லாமல் ஆறு மாதம் டிரெய்னி என்று வைத்துக் குறைந்த கூலி கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். அது அரசுத் தளத்தில் பதிவாகும். பதிவு எண் இல்லையென்றால் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை, சம்பளம் குறைத்துக் கொடுக்கப்படும் தொழிலாளி. இன்னொரு பக்கம், சட்டம் அப்ரண்டிஸைப் பயிற்சி பெறுபவராகத்தான் பார்க்கிறது, தொழிலாளியாக இல்லை. பி.எஃப்., போனஸ் என்று கேட்க முடியாது. ஆனால் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும்.

பாதுகாப்பைச் சும்மா சொல்லவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தப் பிரிவில் பயிற்சி, என்ன ரசாயனம் என்று கேட்காமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் இழக்கிற இடம் வேறு. படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் சேர்ந்துவிட்டால், பட்டதாரி அப்ரண்டிஸ் திட்டத்தில் சேர முடியாது. கம்பெனி வேனில் ஏறி ஒரு வருடம் முடிவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது

பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் 'நாட்ஸ்' என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிய வேண்டும். தென் மாநிலங்களுக்கான இதன் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஐடிஐ, பத்தாவது, பிளஸ் டூ படித்தவர்களுக்கு 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளம். ஆதார், அதோடு இணைத்த வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். ஐடிஐ முடித்தவர்கள் ராணிப்பேட்டை பெல் நிறுவனம் அப்ரண்டிஸ் அறிவிப்பு விடும்போது தவறவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பான அலுவலகம் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகம். கல்லூரியில் 'நான் முதல்வன்' பொறுப்பாசிரியர் இருப்பார், அவரிடமும் கேட்கலாம்.

அங்கே போய் "வேலை இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் வட்டாரத்தில் அப்ரண்டிஸ் எடுக்கக் கடமைப்பட்ட நிறுவனங்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பேர் எடுத்திருக்கிறது, அதில் 3ஏ பிரிவின்படி பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வாயால் கேட்டால் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். 2014 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, குறைகிற ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதம் 500 ரூபாயும் பிறகு 1,000 ரூபாயும் அபராதம் என்று வைத்தார்கள். ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு இது டீ செலவு. அதனால்தான் கணக்கு பொதுவில் வர வேண்டும் என்கிறேன். வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ தைக்கும் கம்பெனி அபராதத்தைவிட அந்தப் பட்டியலுக்குத்தான் அதிகம் யோசிக்கும்.

பனப்பாக்கத்தையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அங்கே முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். 5,000 பேருக்கு வேலை என்றார்கள். அந்த டிசம்பரிலேயே தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல். அதில் 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. சொன்னபடி ஆள் எடுத்தால் 2.5 சதவீதக் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து 750 அப்ரண்டிஸ் இடம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த அளவில் பார்த்தால் 150 இடம் நம் பிள்ளைகளுக்கு. ஆலை ஓடி, ஆட்கள் நிரம்பிய பிறகு கேட்டால் "இடம் முடிந்துவிட்டது" என்பார்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளில் மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி இப்போதே படித்த பிள்ளைகள் நான்கு பேர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாயின் மகளுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்திலேயே உட்கார்ந்து தளத்தில் அவர் பெயரைப் பதிந்தோம். கணக்குப் பிரிவு, ஏற்றுமதி ஆவணங்கள் என்று இரண்டு விருப்பம் சொன்னார். சாதிச் சான்றில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதைத் திருத்த மனு கொடுத்திருக்கிறோம். அதே தெருவில் இன்னும் ஆறு பேர் தங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.