விறாந்தையில் ஒரு சிவப்புச் சட்டைக்காரி

கதவை மெல்ல நீக்குகிறேன், எட்டிப் பாருங்கோ! குருநகரில் ஒரு வீட்டு விறாந்தை. கோயிலில் பாடுகிற ஆறு பேர், ஒரு சின்னக் கீபோர்ட், குடிக்க மறந்த தேத்தண்ணி. கையிலுள்ள தாளில் இலத்தீன் பாட்டு, தமிழ் எழுத்தில். எங்கட அம்மம்மாவும் இப்படித்தான் பாடினவ. 1960களில் பூசை தமிழுக்கு வரும்வரை இலத்தீன் அவவின் நாக்கில் இருந்தது. பொருள் சுவாமியாரோடு இருந்தது.

இன்றைய பாட்டு கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’. அதன் தொடக்க முழக்கத்தைப் படங்களில் கேட்டு, ஏதோ பேயைக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். விதியை நொந்து பாடுகிற பாட்டாம் அது. அதைத் தாண்டி உள்ளே போனால், ஐயோ, எத்தனை காதல்!

இந்தப் பாட்டுகள் உள்ள, 1230ஆம் ஆண்டளவில் எழுதிய ஏடு, 1803இல் பவேரியாவில் ஒரு மடத்து நூலகத்தில் அகப்பட்டது. அதிலிருந்து 24 பாட்டுகளைப் பொறுக்கி ஓர்ஃப் இசையமைக்க, 1937இல் பிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறியது. ஏட்டில் சில பாட்டுகளின் மேல் இசைக்குறிகள் உண்டு. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும், எந்தச் சுரம் என்று சொல்லாது. மெட்டு ஓர்ஃபினுடையது!

பொருளை வாசித்ததும் விறாந்தை கலகலத்தது. சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி சும்மா நிற்கிறாள். அவளுடைய துணியின் சரசரப்புக்கே ஒரு பாட்டு! இன்னும் சிலவற்றில் பனி விலகி, பூ மலர்ந்து, பறவை பாடிய பிறகுதான் மனசு வாய் திறக்கிறது. அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுவேதான்! சங்கப் பாட்டின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள். ரோமாபுரியில் படித்த அந்தக் குருவானவர் இந்த விறாந்தையில் இருந்திருக்க வேண்டும்!

எனக்கு உயிரான பாட்டு ‘இன் ட்ருட்டினா’. ஒரு பெண்ணின் மனசு தராசில் ஆடுகிறது, ஒரு தட்டில் ஆசை, மறு தட்டில் நாணம். உச்சத்தில் பாடக்கூடிய சொப்ரானோ குரலை ஓர்ஃப் இங்கே கீழே இறக்கி, ஏறக்குறைய முணுமுணுக்க வைக்கிறார். எங்கட ஆறு பேரில் இதைத் தனியாகப் பாடும் பிள்ளை இவ்வளவு நாளும் இதைத் திருவிழாப் பாட்டுப்போல முழங்கிக்கொண்டிருந்தவள்.

“நாண் எண்டு முதலே சொல்லியிருந்தால் விளங்கியிருக்குமே, அண்ணை!”

கண்ணை மூடித் திரும்பப் பாடினாள். பக்கத்து வீட்டில் யாரோ வானொலியைக் குறைத்தார்கள்.