எழுபத்தேழு ஆட்டம், ஏழு வாய்ப்பு

பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். மழைக்காலம் நெருங்கும்போது அங்கே எல்லோருக்கும் ஒரே கணக்குதான்: உப்பு அம்பாரத்தை இப்போதே விற்பதா, ஓலை போட்டு மூடிவைத்து மழைக்காலத்து விலைக்குக் காத்திருப்பதா? காத்திருந்தால் விலை ஏறலாம். ஆனால் ஓலைக்கும் கூலிக்கும் செலவு உண்டு. அடி உப்பு கரையும். சும்மா வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது பாத்தியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட் அணியின் மாற்று விக்கெட் கீப்பருக்கும் இதே மாதிரி ஒரு பேரேடு போட்டுப் பார்க்கலாம்.

கோவைக்காரர் நாராயண் ஜெகதீசனை 2018 ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2022 வரை ஐந்து சீசன். ஏல விலைப்படி பற்று 1 கோடி. அந்த ஐந்து சீசனில் சென்னை ஆடிய ஆட்டங்கள் 16, 17, 14, 16, 14, ஆக 77. ஜெகதீசன் களமிறங்கியது 2020இல் 5, 2022இல் 2, ஆக 7. எடுத்த ரன் 73. ஆட்டத்துக்கு 14.29 லட்சம், ரன்னுக்கு 1.37 லட்சம்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொரு எண். அந்த 77இல் சென்னையின் முதன்மைக் கீப்பர் தோனி ஆடியது 75. இல்லாமல் போன இரண்டும் 2019இல். அந்த இரண்டிலும் ஜெகதீசன் பெஞ்சில்தான் இருந்தார். அவர் ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோனி இருந்தார். அதனால் இவர் வெறும் பேட்ஸ்மேன். மாற்று கீப்பர் என்று வாங்கிவைத்தவர் ஐந்து வருஷத்தில் ஒரு ஆட்டத்தில்கூட மாற்று கீப்பராக நிற்கவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கி, மின்சாரம் போன இரண்டு நாளும் மெழுகுவர்த்தி ஏற்றிய கதைதான்.

2022 நவம்பர் 15ஆம் தேதி அவரை விடுவித்தார்கள். வரவு: செலவழிக்க 20 லட்சம் கூடுதல் இடம், அவ்வளவே. ஆறு நாள் கழித்து, நவம்பர் 21, பெங்களூரில் விஜய் ஹசாரே கோப்பை ஆட்டம். அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. பவுண்டரி 25, சிக்ஸர் 15. சாய் சுதர்சனுடன் முதல் விக்கெட்டுக்கு 416. தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. இங்கிலாந்துக் கவுண்டி ஆட்டக்காரர் அலிஸ்டர் பிரவுன் 2002இல் அடித்த 268 அதுவரை ஒருநாள் ஆட்டங்களில் (லிஸ்ட் ஏ) உலக சாதனை, அது உடைந்தது. தொடர்ந்து ஐந்து சதம்: ஆட்டமிழக்காமல் 114, பிறகு 107, 168, 128, 277. அந்தத் தொடரில் மொத்தம் 830 ரன். டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு வாங்கியது. பழைய விலையைப்போல நான்கரை மடங்கு.

அவசரப்பட்டு விற்றுவிட்டார்கள் என்று அப்போது நம் பக்கத்தில் பேசாதவர் இல்லை. நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. கொல்கத்தாவுக்கு அவர் 2023இல் 6 ஆட்டம் ஆடினார், 89 ரன். ரன்னுக்கு 1.01 லட்சம். சென்னையின் கணக்கைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். விற்றதில் பிசகில்லை. ஆடவும் விடாமல், கேட்கிற அணிக்குக் கைமாற்றியும் விடாமல், ஐந்து மழைக்காலம் ஓலைக்குள் வைத்திருந்ததுதான் பிசகு. இதற்கு முன் விருத்திமான் சாஹாவும் 2011 முதல் 2013 வரை சென்னையில் தோனிக்குப் பின்னால் நின்றவர்தான். 2014 இறுதியாட்டத்தில் பஞ்சாப் சட்டையில் 55 பந்தில் ஆட்டமிழக்காமல் 115 அடித்தார்.

மாற்று ஆளைக் காலத்தில் கைமாற்றிய கதை ஒன்று அமெரிக்கக் கால்பந்தில் உண்டு. அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கீப்பர் மாதிரியே களத்தில் அவருக்கும் ஒரே இடம்தான். ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் டாம் பிரேடிக்குப் பின்னால் ஜிம்மி கரப்போலோ இருந்தார். 2014இல் புதுமுகங்களைப் பிரித்தெடுக்கும் வரிசையில் 62ஆவது இடத்தில் எடுத்த ஆள். 2016இல் பிரேடி தடையில் இருந்தபோது இரண்டு ஆட்டத்தைத் தொடங்கினார், இரண்டும் வெற்றி. 2017 அக்டோபரில், பிரேடிக்கு 40 வயதானபோதும், இளையவரைத்தான் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டின் 43ஆவது இடம். 62க்கு வாங்கி, மூன்றரை வருஷம் கைவசம் வைத்திருந்து, வரிசையில் அதற்கும் முன்னாலுள்ள 43க்கு விற்றார்கள். பிரேடியோ 2019 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற இறுதியாட்டத்தை இன்னொரு முறை வென்று தந்தார். கரப்போலோவும் சும்மா இருக்கவில்லை; 2020இல் சான் பிரான்சிஸ்கோவை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார்.

சென்னைக்கு, தோனியின் வாரிசு யார் என்கிற கணக்கு வந்து விழுந்தது 2025இல். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதன்முறையாகக் கடைசி இடம். நவம்பரில் ராஜஸ்தானிடமிருந்து கீப்பர் சஞ்சு சாம்சனை 18 கோடி விலையில் வாங்கினார்கள். கொடுத்தது 18 கோடி ஜடேஜா, 2.4 கோடி சாம் கரன். தாளில் பார்த்தால் சென்னைக்கு 2.4 கோடி மிச்சம். ஜடேஜா ராஜஸ்தானில் 14 கோடிக்கு இறங்கியதால் அவர்களுக்கும் 1.6 கோடி மிச்சம். இரு பக்கமும் லாபம் காட்டுகிற பேரேட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். 2012இல் சேர்ந்த ஆல்ரவுண்டர் ஜடேஜாவின் பந்துவீச்சும் ஃபீல்டிங்கும் அந்தத் தாளில் எந்தப் பத்தியிலும் இல்லை.

அதோடும் நிற்கவில்லை. டிசம்பர் அபுதாபி ஏலத்தில் இளம் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கு 14.2 கோடி. கூட்டிப் பாருங்கள்: சாம்சன் 18, கார்த்திக் 14.2, தோனி 4, உர்வில் படேல் 0.3. கீப்பிங் கையுறை மாட்டத் தெரிந்த நாலு பேருக்கு 36.5 கோடி. அணியின் மொத்தச் செலவு வரம்பு 125 கோடி; அதில் 29.2 சதவீதம். ஜெகதீசனுக்கு ஐந்து வருஷத்தில் ஆனது 1 கோடி.

அவர் கணக்கில் ஒரு வரி பாக்கி. 2025 ஜூலையில் ரிஷப் பந்த் கால் எலும்பு முறிந்து வெளியேற, இந்திய டெஸ்ட் அணிக்கு ஜெகதீசனை அழைத்தார்கள். ஓவல் டெஸ்டில் கீப்பராக நின்றது துருவ் ஜுரெல். ஜெகதீசன் பெஞ்சில்.