மையால் ஒரு சோலை

பென்சிலால் வரைந்தால் அழித்துக் கொள்ளலாம். வண்ணம் தீட்டினால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்து விடலாம். மையால் இட்ட கோடோ இட்டதுதான். இந்த அச்சத்தால் எங்கள் ஓவிய வகுப்பில் பலர் நிப்பைத் தொடவே தயங்கினோம்.

சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய பின், கண்ட காட்டை மையால் வரைந்து வரும்படி ஓவிய ஆசிரியை கூறினார். எல்லோரும் ஒன்றுபோலவே வரைந்து வந்தோம்: துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்தாற்போல் வரிசை வரிசையாக மரங்கள்! டீச்சர் கோபிக்கவில்லை. "இதில் சோலை எது, பைன் தோப்பு எது?" என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை.

பிறகுதான் எடுத்த புகைப்படங்களைப் பரப்பி வைத்துக் கவனித்தோம். பைனும் யூகலிப்டஸும் அம்மலைக்குப் பின்னாளில் கொண்டுவந்து நடப்பட்டவை. நெட்டையாக, நேராக நிற்கும். சோலை மரங்களோ குட்டையானவை. அடிமரம் முறுக்கிக் கோணியிருக்கும், பட்டையெல்லாம் பாசி. தலைப்பகுதி காலிஃபிளவர் போல உருண்டு திரண்டிருக்கும். மலை மடிப்புகளில் ஓடையை ஒட்டிச் சோலை, மேலே திறந்த புல்வெளி என்பதே அங்குள்ள இயற்கை அமைப்பு. இது தெரிந்த பிறகு எங்கள் கோடுகளும் மாறின.

இனி கருவிகள். ஹோல்டர், நிப், இந்தியன் இங்க், கெட்டியான தாள், பழந்துணி போதும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காவிட்டால் மை சரியாக இறங்காது. இந்தியன் இங்க்கை ஊற்றுப் பேனாவில் மட்டும் ஊற்றி விடாதீர்கள்! அதிலுள்ள கரித்தூளும் பசையும் உள்ளே காய்ந்து அடைத்துக் கொள்ளும். எங்கள் தோழி ஒருத்தி தன் அப்பா பல ஆண்டுகளாக வைத்திருந்த பேனாவைக் கேளாமல் எடுத்து அப்படித்தான் பாழாக்கினாள். வீட்டில் நடந்ததை அவள் சொல்லவில்லை; இரண்டு வாரம் ஓவிய வகுப்புப் பக்கமே வரவில்லை.

மையில் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளுமே உண்டு. கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். மேலும் இருள வேண்டுமானால் முதல் வரிசை காய்ந்த பிறகே குறுக்குக் கோடு போடவேண்டும். ஈரத்தில் கீறினால் தாள் பிய்ந்துவிடும். அடிமரத்துக்குக் கோடுகளை வளையல் போல் வளைத்தால் உருட்சி தெரியும். பாசிக்குப் புள்ளிகள். இலைகளை ஒவ்வொன்றாக வரைய முயன்று நாங்கள் ஒரு பீரியட் முழுவதையும் வீணாக்கினோம். வெளிச்சம் படும் ஓரத்தில் சிறு சுருள்கள் சில போட்டு, அடியில் நிழலை நெருக்கினால் கண் தானே இலைகளைப் பார்த்துக் கொள்ளும். அருகிலுள்ளவை தடித்த கோட்டில். தூரத்து மலை மெல்லிய கோட்டில்.

ருஷ்ய ஓவியர் ஷிஷ்கின் (1832–1898) காடுகளைப் பேனாவால் நுணுக்கமாக வரைந்தவர். வான்கோ 1888-ல் ஆர்ல் நகரில் நாணலைச் சீவி எழுதுகோலாக்கி வரைந்தார். அவருடைய மை சில படங்களில் பழுப்பாகிவிட்டது. கரியால் ஆன இந்தியன் இங்க் அப்படி மங்குவதில்லை.

எல்லாவற்றிலும் கடினம், வரையாமல் விடுவது. பனிமூட்டத்தை மையால் வரைய முடியாது; தாளைத்தான் விட்டுவைக்க வேண்டும். இடம் காலியாக இருந்தால் கை துறுதுறுக்கிறது. எங்களுள் பலர் அங்கும் கோடு போட்டுப் பனியைப் புகையாக்கினோம்.

பெற்றோர் தினத்தில் படங்களைத் தாழ்வாரத்தில் மாட்டினோம். பேனாவைப் பாழாக்கியவளின் படமும் அதில் இருந்தது. அவளுடைய அப்பா வெகுநேரம் அதன்முன் நின்றார். பிறகு, "இடப்பக்கம் ஏனம்மா ஒன்றுமே போடாமல் விட்டுவிட்டாய்?" என்று கேட்டார்.

"அது பனி அப்பா" என்றாள் அவள்.