கீழ்வேளூரிலிருந்து மாறுதல்: சாமான் ஏற்றும் செலவை அரசு தருமா?

மாறுதல் ஆணை வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “லாரி வாடகையை யார் தருவாங்க?” அரசு தரும். ஆனால் பொதுநலன் கருதி மாற்றியிருக்க வேண்டும். ஊழியரே விரும்பிக் கேட்ட மாறுதல் என்றால் பத்து பைசா பேராது.

அஞ்சல் துறை போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு 2017 ஜூலை ஆணைதான் அடிப்படை. 20 கி.மீ.க்கு மேல் போனால் அடிப்படைச் சம்பளத்தில் 80% மாறுதல் மானியம். மூட்டை கட்டுவதும் ஏற்றுக்கூலியும் இதற்குள்தான். பக்கத்து நாகப்பட்டினத்துக்கு வீடு மாறினால் அதில் மூன்றில் ஒரு பங்கே.

லாரி வாடகை தனி. சம்பள நிலை 4 வரை 1,500 கிலோ, கி.மீ.க்கு 15 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபின், 2024 முதல் 18.75 ரூபாய். தஞ்சாவூர் 70 கி.மீ. என்று வைத்தால் சுமார் 1,312 ரூபாய். லாரிக்காரரோ போக, வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். நிலை 6 முதல் 6,000 கிலோ, இதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமான கட்டணம். பீரோவும் கட்டிலும் என்னவோ எல்லா வீட்டிலும் அதே கனம்தான்!

கிளம்புமுன் முன்பணம் கேட்கலாம். லாரி ரசீதைப் பத்திரப்படுத்தி, 60 நாளுக்குள் பில் போட்டுவிட வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி பயணப்படி விதிகள் உண்டு. இந்தத் தொகைகள் அவர்களுக்குப் பொருந்தாது.